தலைகீழாக இறங்கும் குருவி

தாண்டிக்குடிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் எழுதிய கடிதம் இது.

‘என் தோட்டத்தில் பலா, சந்தன வேம்பு, அத்தி என்று பழைய நிழல் மரங்கள் எட்டு நிற்கின்றன. அதில் மூன்று பாதி பட்டுப்போய், உடம்பெல்லாம் பொந்தாக இருக்கிறது. நீல நிறத்தில், சிவப்பு மூக்குள்ள சின்னக் குருவி ஒன்று தினமும் வந்து அந்த மரங்களில் தலைகீழாக நடந்து கொத்துகிறது. பொந்து போடுவது அதுதானா? இற்றுப்போன மரத்தில் இருக்கும் புழு காபிக்குத் தாவுமா? என் பேரன் உண்டிவில் வைத்துக் குருவியை விரட்டுகிறான். வியாபாரி எட்டு மரத்தையும் சேர்த்து விலை கேட்கிறார். வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றலாமா?’

கடிதம் கைக்கு வந்த வாரத்தில் வேறு வேலையாகப் பண்ணைக்காடு போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் அவர் தோட்டத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் காபித் தோட்டத்தில் நிழல் மரத்தை வெட்டுவது பற்றி நேரில் பார்க்காமல் யோசனை சொல்வதில்லை என்று வெகு நாளைக்கு முன்பே முடிவெடுத்தவன் நான். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் குருவி. நான் போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, வந்துவிட்டது. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். முதுகு ஊதா கலந்த நீலம், அலகு பவளச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். நெற்றியில் மட்டும் கறுப்பு வெல்வெட் துணியை வெட்டி ஒட்டியது போல ஒரு பட்டை. கண்ணுக்குப் பின்னால் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது ஆண், கோடு இல்லாவிட்டால் பெண். பெரியவர் ‘மரமேறிக் குருவி’ என்றார். அந்தப் பெயரே எனக்குப் போதும். ஆங்கிலத்தில் வெல்வெட் ஃபிரன்டட் நட்ஹேட்ச் என்பார்கள், அறிவியல் பெயர் சிட்டா ஃபிரன்டாலிஸ். இமயமலை அடிவாரத்திலிருந்து இலங்கை வரையிலும், கிழக்கே இந்தோனேசியா வரையிலும் இருக்கிற பறவைதான். நம் பழனி மலையில் கீழ்மலைக் காபித் தோட்டங்களிலும் உண்டு, மேலே கொடைக்கானல் சோலைக்காட்டிலும் உண்டு.

இதன் நடையை ஒரு முறை நின்று பாருங்கள். மரங்கொத்தி மரத்தில் ஏறும்போது விறைப்பான வாலை முட்டுக் கொடுத்து, மேல் நோக்கியே போகும். இந்தக் குருவிக்கு வால் கட்டை, முட்டுக்கு உதவாது. முழு பாரத்தையும் கால் நகத்தில்தான் தாங்குகிறது. ஒரு காலை மேலே மாட்டித் தொங்கும், இன்னொரு காலைக் கீழே ஊன்றிக்கொள்ளும். அதனால் மேலே ஏறும், பக்கவாட்டில் சுற்றும், கிளையின் அடிவயிற்றில் நடக்கும், தலை கீழாக மளமளவென்று இறங்கவும் செய்யும்.

தலைகீழாக இறங்குவது அதற்கு விளையாட்டு இல்லை. பலா, சந்தன வேம்பு மாதிரி மரங்களில் பட்டை வெடித்து, செதில் செதிலாக நிற்கும். கீழிருந்து ஏறுகிற பறவை கண்ணுக்கு ஒரு பக்கத்து இடுக்குதான் தெரியும். மேலிருந்து இறங்குகிற பறவைக்கு மற்ற பக்கத்து இடுக்கு தெரியும். நீங்கள் கத்தரிச் செடியில் பூச்சி பார்க்கும்போது இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எத்தனை தப்பும்? அதே கணக்குதான். மரங்கொத்தி விட்டுவிட்டுப் போனதை இது பொறுக்குகிறது.

பொறுக்குவது என்ன? பட்டை இடுக்கில் ஒளியும் சிறு வண்டுகள், கம்பளிப்புழுவின் குஞ்சுகள், முட்டைகள், சிலந்திகள். பழமோ, பூவோ, தளிரோ தேடி வருகிற குருவி இல்லை. தனியாகவும் வராது. இரண்டு மூன்றாக, பட்டாணிக் குருவி, மின்சிட்டு, கரிச்சான் எல்லாம் கலந்த கூட்டத்தோடு ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்புக்கு நகர்ந்துகொண்டே மேயும். இலையில் இருப்பதை ஒன்று, பறப்பதை ஒன்று, பட்டையில் இருப்பதை இது என்று வேலையைப் பிரித்துக்கொண்ட கூலி ஆட்கள் மாதிரி இருக்கும். ‘சிட் சிட் சிட்’ என்று விடாமல் கத்திக்கொண்டே போகும், அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

“கொத்திக் கொத்தியே மரத்தப் பொந்தாக்கிருச்சு சார்” என்றார் பெரியவர்.

“இல்லீங்க ஐயா. அது மூக்கப் பாருங்க. குச்சி மாதிரி இருக்கு. அத வச்சு நல்ல மரத்தத் துளைக்க முடியுமா?”

பொந்து போட்டது மரங்கொத்தியும் குக்குறுவானும். அவையும் நல்ல கட்டையில் போடுவதில்லை, ஏற்கெனவே உள்ளே இற்றுப்போன இடத்தில்தான் போடும். கிளை ஒடிந்த காயத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, பூஞ்சணம் பிடித்து, உள்கட்டை சோளத்தட்டை மாதிரி ஆன பிறகுதான் பறவை அங்கே வருகிறது. மரங்கொத்தி ஒரு பருவம் குடியிருந்துவிட்டுப் போன பொந்துக்கு நம் மரமேறிக் குருவி குடிவரும். வாசல் பெரிதாக இருந்தால் சில சமயம் சேற்றை வைத்துப் பூசிச் சிறிதாக்கிக்கொள்ளும். உள்ளே பாசி, முடி, இறகு போட்டு மெத்தை. மூன்று முதல் ஆறு முட்டை வரை இடும், வெள்ளையில் செம்புள்ளி. நம் பக்கத்தில் பிப்ரவரியிலிருந்து மே வரை அதற்குக் குஞ்சு பொரிக்கும் காலம். தானாகப் பொந்து குடைய முடியாத குருவி இது. பொந்துள்ள கிழட்டு மரம் இல்லை என்றால் அந்தத் தோட்டத்தில் குடும்பம் நடத்தாது, பக்கத்துக் காட்டிலிருந்து வந்து மேய்ந்துவிட்டுப் போகிற விருந்தாளிதான்.

உண்டிவில் பற்றி ஒரு வரி. இந்தக் குருவியை அடிப்பது 1972-ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேரனிடம் சொன்னேன். பையன் ஏழாவது படிக்கிறான், புத்திசாலி. “அப்ப மைனா?” என்று திருப்பிக் கேட்டான். அதுவும்தான் தம்பி என்றேன். முகம் வாடிவிட்டது.

அடுத்த கேள்விதான் பெரியது. பட்ட மரத்துப் புழு காபிக்குத் தாவுமா?

மலைக் காபிக்காரர்கள் புழு என்றாலே பயப்படுவது நியாயம். அரபிகாவை அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானால் தோட்டத்தையே இழந்தவர்கள் கீழ்மலையில் இருக்கிறார்கள். ஆனால் பெரியவரின் பலா மரத்தில் இற்ற கட்டையைத் தின்கிற புழு வேறு, காபித் தண்டைத் துளைக்கிற புழு வேறு. இற்ற கட்டையைத் தின்பது உயிருள்ள காபித் தண்டுக்கு வராது. காபிக்குத் துளைப்பான் வருவது பெரும்பாலும் பக்கத்துக் காபிச் செடியிலிருந்துதான். துளைப்பான் விழுந்த செடியை, ‘இன்னும் கொஞ்சம் காய்க்கிறதே’ என்று விட்டுவைக்கிறோம் பாருங்கள், அங்கிருந்து.

இந்த வண்டின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் நிழல் மரத்தின் அருமை தெரியும். வண்டு கறுப்பு, இறக்கையில் சாம்பல் வெள்ளைக் கோடுகள். வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் - மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் தண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல வெயில் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். வெயில் படுகிற, நிழல் இல்லாத செடியைத் தேடிப்போய்த் தாய்த் தண்டிலும் தடித்த கிளைகளிலும் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். பத்து நாளில் பொரித்த புழு முதலில் பட்டைக்கு அடியில் மேயும். அப்போது தண்டின் மேல் வரப்பு வரப்பாகப் புடைப்பு தெரியும். பிறகு கட்டைக்குள் இறங்கிவிடும். இறங்கிய பின் மருந்து எட்டாது, குருவியின் அலகும் எட்டாது. இலை மஞ்சளாகி, செடி வாடி, சிறு செடியாக இருந்தால் ஒரே வருடத்தில் போய்விடும்.

பெரியவரின் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். கிழக்கு ஓரத்தில், போன வருடம் இரண்டு மரம் காற்றில் சாய்ந்து வெட்டவெளியான இடத்தில், மஞ்சளடித்த செடிகள் பதினொன்று எண்ணினேன். தண்டைத் தடவிப் பார்த்தால் கைக்கே புடைப்பு தட்டுப்பட்டது. அந்த எட்டு மரத்துக்குக் கீழே நின்ற செடிகளில் இரண்டுதான். அவர் கேட்காமலே அவருடைய தோட்டம் பதில் சொல்லிவிட்டது. அம்மாதான் முதலில் கவனித்தார்கள். “வெயில் விழுந்த பக்கமால்ல போயிருக்கு?” என்றார்கள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

இப்போது என் பழைய கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டப்படிப்பில் படித்தது சூடு ஆறாமல் தலைக்குள் இருந்தது. கீழ்மலையில் ஒரு தோட்டக்காரரிடம், பட்ட மரம், பொந்து மரம் எல்லாம் பூச்சிக்குக் கூடாரம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், வெளிச்சம் நன்றாக விழட்டும், காய்ப்பு கூடும் என்று சொன்னேன். காபி என் துறையின் பொறுப்பு இல்லை, அதற்குக் காபி வாரியம் இருக்கிறது. ஆனாலும் கேட்டால் சொல்லத்தானே தோன்றும். அவரும் நம்பிச் செய்தார். முதல் வருடம் காய்ப்பு கூடியது, எனக்குப் பெருமை. மூன்றாவது கோடையில் செடிகள் வரிசை வரிசையாக மஞ்சளடித்தன. லிண்டேன் மருந்தைக் கரைத்துத் தண்டில் பூசச் சொன்னேன். அன்றைக்கு அதுதான் சிபாரிசு. வாளியில் கலக்கி, வெறுங்கையால் துணி முக்கிப் பூசினார்கள். அந்த லிண்டேனின் பயன்பாடு 2013 மார்ச்சிலிருந்து நம் நாட்டிலேயே தடை. பூசிய தண்டில் மேய்ந்த குருவிகள் என்ன ஆயின என்று அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை. பூசிய கைகள் என்ன ஆயின என்றும் யோசிக்கவில்லை. அந்தத் தோட்டக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தச் சரிவில் இப்போது சவ்சவ் பந்தல் இருக்கிறது. பேருந்தில் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

குருவி வந்தால் துளைப்பான் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டைக்குள் இருக்கும் புழுவுக்கு இந்தக் குருவி மருந்து இல்லை. பட்டைமேல் இருக்கிறவரைக்கும்தான் அதன் ராஜ்ஜியம். ஆனால் காபித் தோட்டத்துக் குருவிக்குக் கணக்கில் வருகிற வேலை உண்டு என்பதை வெளிநாடுகளில் செடிக்கு வலை கட்டியே சோதித்திருக்கிறார்கள். ஜமைக்காவின் நீலமலையிலும், மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகாவிலும் சில காபிச் செடிகளைப் பறவை நுழையாதபடி வலையால் மூடினார்கள், பூச்சி மட்டும் போய்வரலாம். மூடிய செடிகளில் காய்த்துளைப்பான் சேதம் அதிகம். கோஸ்டாரிகாவில் 2013-ல் வெளிவந்த ஆய்வில், பறவை வந்து போகும் செடிகளில் சேதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தோட்டத்தின் பக்கத்தில் காடு இருந்தால் பறவையும் கூடுதல். அங்கே வேலை செய்தது வேறு சின்னக் குருவிகள், நம் மரமேறி அல்ல. காய்த்துளைப்பான் நமக்கும் உண்டு. 1990-ல் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு தென்னிந்தியக் காபிப் பகுதிகளுக்குப் பரவிய பூச்சிதான் அது.

சரி, எட்டு மரத்தை என்ன செய்வது? பெரியவர் ஆசைக்காக விற்கப் பார்க்கவில்லை. மூத்த பேத்திக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று பேசிவிட்டு ஜீப்பில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

வியாபாரி எட்டுக்கும் மொத்தமாக விலை பேசியிருந்தார். மரத்துக்கு மரம் தனித்தனியாக விலை சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அன்று மாலையே போன் போட்டுக் கேட்டார். பொந்து விழுந்த மூன்று மரத்துக்கும் விறகு விலைதான், அதிலும் வெட்டுக்கூலி, இழுவைக்கூலி போக மிச்சம் அதிகமில்லை. விலை முழுக்க நேரான அடிமரம் உள்ள சந்தன வேம்பில் இருந்தது. குருவிக்கு வேண்டிய மரமும் வியாபாரிக்கு வேண்டிய மரமும் வேறு வேறாகப் போயின. மொத்த விலையில் இது மறைந்துவிடுகிறது. எட்டையும் கொடுத்தால் மூன்று மரத்தின் நிழலையும் பொந்தையும் ஏறக்குறைய சும்மா கொடுத்ததாக ஆகும்.

இன்னொன்றும் சொன்னேன். கொடைக்கானல் மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்று வியாபாரி சொல்வார். வழக்கு வந்தால் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வாசலில் நிற்க வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் முன்பணம் வாங்க வேண்டும்.

முடிவில் அவர் எடுத்துக்கொண்ட யோசனை இது. சந்தன வேம்பில் இரண்டுக்கு மட்டும் அனுமதி கேட்பது. அனுமதி வந்தாலும் இரண்டையும் ஒரே வருடத்தில் எடுக்காமல், ஒன்றை எடுத்து அந்த இடத்தில் நிழல் மூடிய பிறகு அடுத்தது. அதுவரை வெட்டவெளியில் கல்யாண முருங்கைப் போத்து நட்டுவிடுவது, அது சீக்கிரம் நிழல் தரும். கிழக்கு ஓரத்துக்கு சில்வர் ஓக் வைக்கலாம், மிளகு ஏற்ற நல்ல மரம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தோட்டம் முழுக்க சில்வர் ஓக்காக மாற்றிவிட்டால் ஒரே உயரம், ஒரே நிழல், பொந்தே விழாத இளமரம் என்று ஆகிவிடும். கொடைக்கானல் மேல்மலையில் புல்வெளியில் யூகலிப்டஸும் பைனும் வாட்டிலும் வைத்த இடங்களுக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மரம் இருக்கும், சத்தம் இருக்காது. யூகலிப்டஸ் பட்டையை உரித்து உரித்துப் போட்டுவிடும், பூச்சி ஒளிய இடுக்கே இல்லாத வழவழப்பில் இந்தக் குருவிக்கு என்ன கிடைக்கும்?

மூன்று பொந்து மரங்களில் ஒன்று வீட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. அதை அப்படியே விடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, காற்று மாதத்தில் பிள்ளைகள் படுக்கிற இடம். அனுமதியோடு மேல்கிளைகளைக் கழித்துவிட்டு, பன்னிரண்டு பதினைந்து அடி உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் மொட்டையாக விடலாம். பொந்து அந்த உயரத்துக்குள்தான் இருக்கிறது. கழிப்பதையும் மே மாதம் தாண்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன், உள்ளே முட்டை இருக்கும்.

இனி காபித் தண்டுக்குச் செய்ய வேண்டியது. இது எல்லாக் காபிக்காரர்களுக்கும். இந்த இதழ் கைக்கு வரும்போது பழம் பறிப்பு முடிந்திருக்கும், நேரம் சரியாக இருக்கிறது. மார்ச் மாதத்துக்குள் ஒவ்வொரு செடியாகத் தண்டைப் பாருங்கள். புடைப்பு இருந்தால் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுப்புக்கு ஆகும் என்று கொட்டகையில் அடுக்கி வைத்தால், ஏப்ரலில் அந்த விறகிலிருந்தே வண்டு வெளியே வரும். விறகு வேண்டும் என்றால் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீரில் மூழ்கப் போட்டு எடுத்துக் காய வையுங்கள். செப்டம்பரில் இன்னொரு முறை இதே சோதனை.

நல்ல செடிகளின் தாய்த் தண்டையும் தடித்த கிளைகளையும் தேங்காய் நார்க் கையுறை போட்டுத் தேய்த்து, உதிரும் பட்டையை எடுத்துவிடுங்கள். வண்டுக்கு முட்டை வைக்க வெடிப்பு இருக்காது. கத்தி, இரும்புச் சுரண்டி வேண்டாம், பச்சைப் பட்டை காயப்படும். வண்டு பறக்கும் காலத்துக்கு முன்னால் 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ நல்ல சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டும் பசை கொஞ்சம் சேர்த்துத் தண்டில் படும்படி தெளிக்கலாம். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி பற்றியும் உங்கள் மண்ணுக்கு ஏற்ற அளவுகள் பற்றியும் அங்கே போய்க் கேளுங்கள், என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

தேய்ப்பது காபித் தண்டில் மட்டும். உற்சாகத்தில் நிழல் மரத்தையும் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து அழகு பார்க்காதீர்கள். காபியில் பட்டை வழவழப்பாக இருக்க வேண்டும், பலாவில் சொரசொரப்பாகவே இருக்கட்டும். குருவி மேய்வது அங்கேதான்.

பூம்பாறையிலிருந்து ஒரு வாசகி இதே குருவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வீட்டுப் பக்கத்துப் பிளம்ஸ், பேரி மரங்களில் வந்து மொட்டைக் கொத்துகிறதா என்று சந்தேகம். இல்லை அம்மா. மொட்டில் அதற்கு வேலை இல்லை, கிளையில் படிந்த பாசிக்கடியில் பூச்சி தேடுகிறது. மொட்டு உதிர்ந்து கிடந்தால் காரணம் வேறு. உதிர்ந்த மொட்டில் நாலைந்தையும், கிளை நுனி ஒன்றையும் காகித உறையில் போட்டு அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வந்து சேர்வதற்குள் அழுகிவிடுகிறது.